நூலகர் எங்கே போயிருந்தார்?

அந்தப் புகாரை எழுதியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓசூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் ஒரு கிளை நூலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த நூலகருக்கு என்னால் வந்த தொல்லை ஏற்கெனவே போதும். ஒரு புதன்கிழமை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள், எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பூட்டு. மறுநாள் போனேன். அதே பூட்டு. கதவில் 'நூலகர் விடுப்பு' என்று பேனாவால் எழுதி ஒட்டிய அரைத்தாள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு வார விடுமுறை. ஆக மூன்று நாள் கணக்கு. பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள் இரண்டு பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். "நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல. கவர்மெண்ட் வேலைன்னா சும்மாவா" என்றார் ஒருவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கேயே நின்றபடி கைபேசியில் அரசின் புகார்த் தளத்தைத் திறந்து ஆறு வரி எழுதினேன். 'மக்கள் வரிப்பணத்தில் இயங்கும்', 'போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஏழை மாணவர்கள்', 'பொறுப்பற்ற போக்கு' என்று இந்த மாதிரிப் புகாருக்கு வேண்டிய எல்லாச் சொற்களும் அதில் இருந்தன. அனுப்பிவிட்டு டீ குடித்தேன். ஒரு நல்ல குடிமகன் குடிக்கும் டீ அது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது நூலகர் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. பணி நாட்களில் நூலகம் மூடப்பட்டிருந்தது குறித்து வாசகரிடமிருந்து புகார் வந்துள்ளது, மூன்று நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும். அவர் அதை என்னிடம் காட்டினார். காட்டிவிட்டுச் சொன்னார்: "புகார் போட்டது யாருன்னு தெரியல தம்பி. ஆனா நல்லா தமிழ் எழுதத் தெரிஞ்ச ஆளு."

நான் ஒன்றும் பேசவில்லை. என் புத்தகத்தைப் பதிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல மூன்று வாரம் ஆனது. சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பூட்டியிருந்தா புகார் போடத்தான் வேணும். அதுல தப்பில்ல. ஏன் பூட்டியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்ளோதான்" என்றார்.

ஏன் பூட்டியிருந்தது? அவர் பெங்களூரில் நடந்த நூலகர்கள் மாநாட்டுக்குப் போயிருந்தார். இரண்டு நாள். தன் கணக்கிலிருந்த தற்செயல் விடுப்பைப் போட்டு, பதிவுக் கட்டணத்தைத் தன் சம்பளத்திலிருந்து கட்டி, காலை ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறி, அத்திப்பள்ளி செக்போஸ்ட் நெரிசலையும் சில்க் போர்டு நெரிசலையும் தாண்டிப் போய், இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து, மறுநாளும் அதையே செய்திருக்கிறார். அந்த இரண்டு நாளுக்கு வேறு நூலகத்திலிருந்து ஒருவரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆள் வரவில்லை. வராதவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போனவரிடம் விளக்கம் கேட்டார்கள். கேட்க வைத்தவன் நான்.

அதே வருடம் நானும் ஒரு மாநாட்டுக்குப் போனேன். என் நிறுவனம் ஹைதராபாத்துக்கு விமான டிக்கெட் போட்டது. மூன்று இரவு, நீச்சல் குளம் வைத்த ஹோட்டல். சாப்பாட்டுக்குத் தினப்படி தனி. அந்த மூன்று நாளும் பணி நாள். நான் இல்லாததால் என் டீமில் எதுவும் பூட்டப்படவில்லை, ஏனென்றால் என் வேலையைப் பார்க்க இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு டி-ஷர்ட், ஒரு தண்ணீர் பாட்டில், லேப்டாப்பில் ஒட்ட ஏழெட்டு ஸ்டிக்கர். 'முக்கியக் கற்றல்கள்' என்ற தலைப்பில் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதில் பாதி, மாநாட்டின் இணையதளத்திலேயே இருந்தது. அவர் 'அருமை' என்று பதில் போட்டார். அவரும் படித்திருக்க மாட்டார்.

இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று விற்பனைச் செயலி ஒன்றில் பொத்தான் எந்த இடத்தில் இருந்தால் மக்கள் அதிகம் அழுத்துவார்கள் என்று தெரிந்துகொள்ளப் போன பயணம். அதற்கு முழுச் செலவும் மரியாதையும் உண்டு. இன்னொன்று, ஒரு ஊருக்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்யலாமா என்று கேட்கப் போன பயணம். அதற்கு ஒரு மெமோ. இந்தக் கணக்கு தவறு என்று சொல்வதற்கு ஒரு கட்டுரை வேண்டியிருக்கிறதே என்பதுதான் வெட்கம்.

அவர் எதற்காகப் போனார் என்று கேளுங்கள். எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1970களில் சிப்காட் வந்தது. பிறகு லாரி, பைக், கைக்கடிகாரம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். இப்போது மின்சார ஸ்கூட்டரும் கைபேசிப் பாகங்களும். அதற்கு முன்பே இங்கே தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகள். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் இருந்து வந்து பேக்டரி விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள், இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று அதற்கு மேல் இன்னும் அடுக்கு. ஒரே தெருவில் ஐந்து மொழி என்பது இங்கே மேடைப் பேச்சு கிடையாது. மளிகைக் கடை அண்ணாச்சிக்கு அது தினசரித் தொழில்.

அந்த நூலகத்தில் கன்னடத்துக்கு ஒரு தட்டு, தெலுங்குக்கு ஒன்றரைத் தட்டு. பாதிக்கு மேல் அட்டை கிழிந்தவை. கன்னடம் படிக்கும் பெண் ஒருத்தி வாரம் ஒருமுறை வந்து, அதே தட்டைப் பார்த்துவிட்டு, "ஹொசது பந்திதியா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போவாளாம். புதுசு வந்திருக்கா? வரவில்லை. எட்டு மாதம் கேட்டுவிட்டு வருவதையே நிறுத்திவிட்டாள். "அவ நின்னதுக்கு அப்புறம்தான் தம்பி எனக்குத் தூக்கம் கெட்டுச்சு" என்றார் நூலகர். இந்தப் பெண்ணுக்குப் புத்தகம் எங்கிருந்து, எப்படி, எந்த விதிப்படி வாங்கலாம் என்று கேட்கத்தான் அவர் பெங்களூர் போனார். கேட்க வேறு இடம் அவருக்கு இல்லை.

மாநாடு எப்படி இருந்தது? நான் அதைப் புனிதப்படுத்தப் போவதில்லை. குத்துவிளக்கு ஏற்ற நாற்பது நிமிடம். பொன்னாடைக்கு இன்னொரு நாற்பது. பிறகு செயற்கை நுண்ணறிவு. காலையில் செயற்கை நுண்ணறிவும் நூலகமும், மதியம் நூலகமும் செயற்கை நுண்ணறிவும். ஒருவர் வாசகர்களின் கேள்விக்குத் தானே பதில் சொல்லும் மென்பொருளைத் திரையில் ஓட்டிக் காட்டியிருக்கிறார். என் நூலகர் கை தூக்கி, "ஒரே கம்ப்யூட்டர், மத்தியானம் ஆனா கரண்ட் போயிடும், அந்த மாதிரி இடத்துல இதை எப்படிச் செய்யறது?" என்று கேட்டிருக்கிறார். மேடையில் சிரித்து, நல்ல கேள்வி என்று சொல்லி, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்தத் திரையில் ஓடியதை எழுதுகிறவர்கள் என் ஜாதி, மென்பொருள் ஜாதி. எங்களுக்குக் கரண்ட் போகாது.

ஆனால் சாப்பாட்டு வரிசையில் ஒன்று நடந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு நூலகர் இவருக்கு முன்னால் தட்டோடு நின்றிருக்கிறார். அவருக்கு இவருடைய பிரச்சினையே தலைகீழாக. அங்கே தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய, தமிழ்ப் புத்தகம் கேட்கிறார்கள், அவரிடம் இல்லை. இரண்டு பேரும் தயிர் சாதம் முடிவதற்குள் ஒரு திட்டம் போட்டுவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐம்பது கன்னடப் புத்தகம் இங்கே, ஐம்பது தமிழ்ப் புத்தகம் அங்கே. திரும்ப மாற்றிக்கொள்வது. இடையில் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு பைக்கில் முடிகிற வேலை. உணவுக் கூப்பனின் பின்பக்கம் தொலைபேசி எண் வாங்கி வந்தார்.

மேடையில் இரண்டு நாளாகக் கிடைக்காதது வரிசையில் பத்து நிமிடத்தில் கிடைத்தது. மாநாடு என்பதன் பயனே இதுதான். தன் வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருக்கும் ஒருவர், அதே வேலையைச் செய்யும் இன்னொருவரைப் பார்ப்பது. ஏழு பேர் இருக்கும் டீமில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது வருடம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. ஒற்றை ஆளாக நூலகம் நடத்துகிறவருக்கு அது எப்போது கிடைக்கும்?

இனி வரலாற்றுக்கு வருகிறேன். நாம் பெருமை பேசும் தமிழக நூலக இயக்கமே ஒரு நூலகரின் பயணத்திலிருந்து பிறந்தது என்பதை மறந்துவிட்டோம்.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஆள் வராத அறை, பேச்சுத்துணை இல்லாத வேலை. சில நாட்களிலேயே வெறுத்துப்போய்ப் பழைய கல்லூரிக்கே ஓடி, என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல்வரிடம் மன்றாடினார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஆண்டே கப்பல் ஏறினார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பெர்விக் சேயர்ஸிடம் படித்தார். சேயர்ஸ் நடத்திய குரோய்டன் பொது நூலகத்தில் வேலை கற்றார். இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டுவதைப் பார்த்தபோதுதான், அறிவுத் துறைகளையும் அப்படித் துண்டுதுண்டாக்கிச் சேர்க்கலாமே என்று தோன்றியதாம். 1933-இல் கோலன் பகுப்பு முறையாக அச்சானது அந்த யோசனை. இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று தனித்தனியாக வடிகட்டித் தேடுகிறோமே, அந்த வகைத் தேடலைப் பற்றிப் பேசும் என் துறைக்காரர்கள் ரங்கநாதனின் பெயரை மரியாதையோடு சொல்வார்கள்.

1925-இல் திரும்பி வந்தவர் பழைய வேலையைக் கேட்கவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர் அவர். அதே ஆண்டில் ஆசிரியர்கள் கூடிய ஒரு கல்வி மாநாட்டில் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் பேசினார். 1931-இல் அது புத்தகம். 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்ட வரைவை வைத்தார். 1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளையின் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குக் கிளம்பியது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது.

இந்த வரிசையை இன்னொருமுறை படியுங்கள். ஒரு பயணம், ஒரு மாநாடு, இன்னொரு மாநாடு, பிறகு சட்டம். ரங்கநாதனைச் சம்பளத்தோடு அனுப்பிய ஒரு நிறுவனம் அன்று இருந்தது. அவர் தற்செயல் விடுப்பு போட்டுவிட்டுக் கப்பல் ஏறவில்லை. 'நூலகம் மூடியிருந்தது' என்று யாராவது அன்று மெமோ வாங்கிக் கொடுத்திருந்தால், இன்று என் ஊரில் புகார் போடுவதற்குக்கூட ஒரு நூலகம் இருந்திருக்காது.

இன்னொரு வேடிக்கை. ரங்கநாதன் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது பெங்களூரில். 1962-இல் ஆவணவியல் ஆராய்ச்சி பயிற்சி மையத்தை அங்கேதான் தொடங்கினார். 1972-இல் இறந்ததும் அங்கேதான். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். சென்னை முந்நூறு. நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கல்யாணப் புடவைக்கும் வேலைக்கும் போவது பெங்களூருக்குத்தான். ஆனால் அரசு ஊழியர் அனுமதி கேட்டால் அது 'வெளிமாநிலம்' ஆகிவிடும். முந்நூறு கிலோமீட்டர் பக்கத்தில், நாற்பது கிலோமீட்டர் தூரத்தில். ஆகஸ்ட் 12, ரங்கநாதன் பிறந்த நாளை நூலகர் தினம் என்று கொண்டாடுவோம். அவர் படத்துக்கு மாலை போடுவோம். அவர் வாழ்ந்த ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் போய்வந்த நூலகரிடம் விளக்கம் கேட்போம்.

இதற்கு என்னென்ன பதில்கள் வரும் என்று தெரியும். நண்பர்களிடம் பேசிப் பார்த்துவிட்டேன்.

முதல் பதில்: மாநாடெல்லாம் சும்மா. சான்றிதழுக்காகப் போவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள். உண்மை. அப்படிப்பட்ட மாநாடுகள் நிறைய உண்டு. கல்லூரிகளில் பதவி உயர்வு மதிப்பெண்ணுக்காகவே நடக்கும் கருத்தரங்குகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் பதிலைச் சொன்ன நண்பன் போன வருடம் சிங்கப்பூர் மாநாட்டுக்குப் போய் மூன்று நாளில் இரண்டு நாள் சென்டோசாவில் இருந்தவன். அவன் ஊர் சுற்றினால் அது 'நெட்வொர்க்கிங்'. கிளை நூலகர் மைசூர் ரோட்டில் ஒரு காபி குடித்தால் அது மக்கள் பணம். அதுவும் இவர் விஷயத்தில் மக்கள் பணத்தில் ஒரு பைசா இல்லை. டிக்கெட், கட்டணம், விடுப்பு எல்லாம் அவருடையது. சான்றிதழால் இவருக்கு ஒரு ரூபாய் சம்பளம் ஏறாது. எந்த லாபமும் இல்லாமல் போகிற ஒருவரைத்தான் நாம் சந்தேகப்படுகிறோம்.

இரண்டாவது பதில்: இணையவழிப் பயிற்சி இருக்கிறதே. கொரோனா காலத்தில் பார்த்தோம். கேமராவை அணைத்துவிட்டுக் காய் நறுக்கலாம். கடைசியில் பின்னூட்டப் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் தானாக வந்துவிடும். இணையவழியில் சாப்பாட்டு வரிசை கிடையாது, கூப்பனின் பின்பக்கம் கிடையாது. இணையத்தையே தொழிலாக வைத்திருக்கும் எங்கள் நிறுவனங்கள் ஏன் இன்னும் விமான டிக்கெட் போட்டு ஆளை அனுப்புகின்றன? பதில் அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது பதில்தான் கனமானது: அவர் போனால் நூலகம் மூடும். சரி, ஏன் மூடும்? ஒருவர்தான் இருக்கிறார். திறப்பவர், கூட்டுபவர், பேப்பர் அடுக்குபவர், புத்தகம் பதிபவர், சந்தா வசூலிப்பவர், கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்பவர், எல்லாம் அவரே. அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் மூடும். மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றாலும் மூடும். நூலகத்தை மூடியது மாநாடு இல்லை. ஒரே ஒரு ஆளின் உடம்பின்மேல் ஒரு ஊரின் நூலகத்தை ஏற்றி வைத்திருக்கும் ஏற்பாடுதான் மூடியது. என் தொழிலில் இதற்கு ஒரு பழைய பேச்சு உண்டு: ஒரு ஆள் பஸ்ஸில் அடிபட்டால் நின்றுபோகும் அமைப்பு மோசமான அமைப்பு. அவர் பஸ்ஸில் அடிபடவில்லை, பஸ்ஸில் ஏறினார். அதற்கே நின்றுவிட்டது.

நான்காவது: பணம். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ தமிழ்நாட்டில் வீடு இருந்தால் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. 1948 சட்டம் விட்டுச்சென்ற ஏற்பாடு அது. நூலகத்துக்கென்றே தனி வரி போடுவதை ரங்கநாதன் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தினார். உள்ளாட்சிகள் வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நிலுவை வைப்பது பற்றிச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். 2019-இல் மாநகராட்சியான ஓசூரில் தெருவுக்குத் தெரு அடுக்குமாடி எழும்புகிறது. ஒவ்வொரு அடுக்குமாடியும் ஒவ்வொரு கடையும் ரூபாய்க்குப் பத்து பைசா கட்டுகிறது. வீடு பெருகப் பெருக நூலக வரியும் பெருகத்தானே வேண்டும்? இரண்டு நாள் பஸ் கட்டணமும் பதிவுக் கட்டணமும் ஒரு மாற்று ஆளும் அந்தப் பணத்தில் அடங்காது என்று யாராவது கணக்கோடு சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு நேரம் அதிகாரிகளைத் திட்டியதுபோல் இருக்கும். எனக்குச் சண்டை அவர்களோடு பாதிதான். மீதிப் பாதி நம்மோடு. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களோடு, எழுதும் என்னோடு.

இலக்கியம் படிக்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு நூலகம் என்றால் என்ன? 2011-இல் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுவதாக அறிவித்தபோது எழுத்தாளர்கள் கொதித்தார்கள், வழக்கு நீதிமன்றம் போனது, கட்டடம் தப்பியது. நல்ல காரியம். 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது அதன் படிக்கட்டில் நின்று படம் எடுத்துப் போட்டோம். அதுவும் நல்லதே. கட்டடம் என்றால் நமக்குக் கண் நிறைகிறது. எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் நூலகத்தைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் ஒரே ஒரு சமயத்தில்: நூலக ஆணை. என் புத்தகம் எடுத்தார்களா, எத்தனை பிரதி, யார் புத்தகத்தை ஏன் எடுத்தார்கள். புத்தகம் உள்ளே போகும் வரை சண்டை. உள்ளே போன பிறகு அதைக் கட்டுப் பிரித்து, எண் போட்டு, தட்டில் வைத்து, இது உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு வாசகர் கையில் கொடுப்பவர் யார், அவருக்கு என்ன தெரியும், இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று நாம் கேட்டதுண்டா? இலக்கிய விழாக்களில் எத்தனை அமர்வு பார்த்திருக்கிறேன்! ஒரு கிளை நூலகர் மேடையில் உட்கார்ந்து பேசி நான் கேட்டதில்லை.

எனக்குப் பதினான்கு வயதில் ரஷ்ய நாவல் ஒன்றைக் கையில் கொடுத்தவர் ஒரு நூலகர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. நாவலாசிரியர் பெயர் தெரியும், மொழிபெயர்ப்பாளர் பெயர் தெரியும், பதிப்பகம் தெரியும். கொடுத்தவர் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. அதே புத்திதான் இருபது வருடம் கழித்துப் பூட்டைப் பார்த்ததும் புகார் எழுதியது. ஆள் இருக்கும்போது கண்ணில் படாதவர், இல்லாதபோது மட்டும் குற்றவாளியாகக் கண்ணில் பட்டார்.

ஆகவே என் கோரிக்கைகளை நேராகச் சொல்கிறேன். பக்கத்து நான்கைந்து நூலகங்களுக்குச் சேர்த்து ஒரு மாற்று நூலகர் நிரந்தரமாக வேண்டும். மாநாட்டுக்கு மட்டுமில்லை, காய்ச்சலுக்கும் சேர்த்து. கிளை நூலகரோ ஊர்ப்புற நூலகரோ, வருடத்தில் இரண்டு நாளாவது தன் தொழில்காரர்களைச் சந்திக்கப் போவது பணி நாளாகக் கருதப்பட வேண்டும், பயணச் செலவோடு. எல்லை மாவட்டங்களுக்குப் பக்கத்து மாநில நகரம் பக்கத்து ஊராகவே கணக்கில் வர வேண்டும். போய்வந்தவர் என்ன கேட்டார், என்ன கற்றார் என்று ஒரு பக்கம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். வாசகர்கள் படிக்கட்டும். என் மேலாளருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலைவிட அது நேர்மையாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். மாநாடு நடத்துகிறவர்களுக்கும் ஒன்று: ஒரு அமர்வையாவது ஒற்றை ஆள் நூலகர்களிடம் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவு அரை நாள் காத்திருக்கும்.

சின்ன நூலகத்தின் தேவை உலகத்துக்கு உதவாது என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க நூலகங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் 'கோஹா' மென்பொருள், 1999-இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற ஒரு சிறிய வட்டாரத்தின் நூலகங்களுக்காக எழுதப்பட்டது. அந்த நூலகங்களின் தேவையை ஒரு மென்பொருள்காரன் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். நம் ஊரில் கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம், லட்சக்கணக்கில், நாற்பது கிலோமீட்டர் சாலை நெடுக. சொல்பவரைத்தான் வெளியே விடுவதில்லை.

ஐம்பது புத்தகத் திட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இருப்புப் பதிவேட்டில் உள்ள புத்தகம் மாநில எல்லையைத் தாண்ட விதியில் இடமில்லை என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. இடையில் ஆனேக்கல் நூலகர் தன் வீட்டிலிருந்த பதினொரு கன்னடப் புத்தகங்களைச் சொந்த அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பினார். இவர் தன் வீட்டிலிருந்து ஒன்பது தமிழ்ப் புத்தகங்களை அனுப்பினார். கொண்டுபோய்க் கொண்டுவந்தது என் பைக். வருவதை நிறுத்திய அந்தக் கன்னடப் பெண் இன்னும் வரவில்லை. விடுதி மாறிவிட்டாள் என்று சொல்கிறார்கள்.

இந்த வருடமும் மாநாடு வருகிறது. போகப்போகிறேன் என்றார். அந்த இரண்டு நாளும் சாவியை நான் வாங்கித் திறந்து வைக்கட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். "ஒரு புஸ்தகம் காணாமப் போனா என் சம்பளத்துல பிடிப்பாங்க தம்பி" என்றார். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். அதே தளத்தில் இன்னொரு மனு. இதுவும் ஆறு வரி. நூலகர் தொழில் மாநாட்டுக்குச் செல்லும் இரண்டு நாட்களுக்கு மாற்று நூலகர் ஒருவரை அனுப்ப வேண்டும், அவருடைய பயணத்தைப் பணி நாளாகக் கருத வேண்டும் என்று கேட்டிருந்தேன். 'பொறுப்பற்ற' என்ற சொல்லை இந்த முறை பயன்படுத்தவில்லை.

ஒன்பதாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. மனு முடித்துவைக்கப்பட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன். எடுக்கப்பட்ட நடவடிக்கை: 'வேலை நாட்களில் நூலகத்தை மூடக் கூடாது என்று சம்பந்தப்பட்ட நூலகருக்கு அறிவுறுத்தப்பட்டது.'

மூன்றாவது மனுவை நான் தனியாக எழுதப்போவதில்லை. உங்கள் ஊர் நூலகரின் பெயரை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் கடைசியாக எப்போது வெளியூர் மாநாட்டுக்குப் போனார் என்று கேளுங்கள். பிறகு ஆறு வரி எழுதுங்கள்.